சிவானி கேட்ட அம்பு

சிவானியைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அவளுடைய அம்மா அவள் படித்த படிப்பிலிருந்து தொடங்குவார். நான் பருப்பிலிருந்து தொடங்குவேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடியில் அவர்களுடைய வீடு. நான் முதன்முதலில் அங்கே போன நாளில், குசினியில் இரண்டு ஸ்டூல்களை இருபத்தெட்டு அங்குல இடைவெளியில் வைத்து, அவற்றின்மேல் ஓர் அம்பைக் கிடத்தி, அதன் நடுவில் ஒரு பொலித்தீன் பையைத் தொங்கவிட்டிருந்தாள். பைக்குள் மைசூர்ப் பருப்பு, எண்ணூற்று எண்பது கிராம் நிறுத்துக் கட்டியது. தரையில் குந்தியிருந்து, அம்பு எவ்வளவு தொய்கிறது என்று அடிமட்டத்தால் அளந்துகொண்டிருந்தாள். பாலேஸ்வரி அன்ரி அகப்பையும் கையுமாக நின்று, அந்தப் பருப்பு எப்போது சட்டிக்கு வரும் என்று கேட்டார். இன்னும் ஐந்து அம்பு இருக்கிறது என்றாள் மகள். அன்றைக்குப் பகல் சாப்பாடு மூன்று மணிக்கு.

அந்தத் தொய்வுதான் அம்பின் எண். எழுநூறு என்றால் ஓர் அங்குலத்தைப் பத்தாகப் பிரித்து அதில் ஏழு பங்கு தொய்கிறது, நானூறு என்றால் நாலு பங்கு. எண் கூடினால் அம்பு இளகல், குறைந்தால் விறைப்பு. மெல்லிய வில்லுக்கு இளகிய அம்பும் பலமான வில்லுக்கு விறைத்த அம்பும் வேண்டும். மாறிப் போட்டால், எவ்வளவு நன்றாகக் குறிபார்த்தாலும் அம்பு தன்பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். இதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் சிவானியிடம்தான் கேட்க வேண்டும். அவள் இரண்டு மணித்தியாலம் சொல்லுவாள், நடுவில் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டாள்.

நான் ரொஷேல். கொட்டாஞ்சேனையில் பிறந்து அங்கேயே ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தேன். நடுவரோடு சண்டை பிடித்ததில் அந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் நுகேகொடைப் பக்கம் ஒரு மைதானத்தில் நடக்கிற எங்கள் வில்வித்தைக் கழகத்துக்குப் போனேன். இலக்குப் பலகை எதிர்த்துப் பேசாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. சிவானி வந்தது கழுத்து வலிக்கு. புதுக்கடைப் பகுதியில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் பழைய காணி உறுதிப் பத்திரங்களை வாசிப்பதுதான் அவளுடைய வேலை. காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் ஐந்து வரை, வடக்கே யாருடைய மதில், கிழக்கே எந்த ஒழுங்கை என்று எல்லை எல்லையாகப் பார்ப்பாள். அறுபது வருடத்துக்கு முந்திய உறுதியில் அரைப் பேர்ச் நிலம் பிழைத்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளுடைய நொத்தாரிசு பெருமையாகச் சொல்லுவாராம். அப்படிக் குனிந்து குனிந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது. தோளுக்கும் முதுகுக்கும் ஏதாவது செய்யச் சொன்னார் வைத்தியர். நீச்சலுக்கு அன்ரி ஓம்படவில்லை. வில்லுக்கு ஓம்பட்டார், முழுக் கைச் சட்டை போடலாம் என்பதால்.

எங்கள் இரண்டு பேருக்கும் வயது முப்பத்தெட்டு. ஒரே மாதத்தில் சேர்ந்தோம். கழகத்தில் எல்லோரும் சிங்களத்தில் கதைக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் மூலையில் தமிழில் கதைப்போம். அவளுடைய யாழ்ப்பாணத் தமிழை நான் பகிடி பண்ணுவேன், என்னுடைய கொட்டாஞ்சேனைத் தமிழை அவள் திருத்துவாள்.

தொடக்கத்தில் கழகம் எங்களுக்கு மர அம்புகளைத் தந்தது. கிடைத்ததை எடுத்து நான் எய்தேன். அவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்து, மரத்தின் நார் தலையிலிருந்து வால் வரை நேரே ஓடுகிறதா, நடுவில் குறுக்கே விலகுகிறதா என்று பார்த்தாள். நார் விலகியதை எய்யாமல் ஒதுக்கி வைத்தாள். நான் சிரித்தேன். அதே கிழமை அவள் ஒதுக்கியதில் ஒன்றை வேறொருவர் எடுத்து எய்ய, நாணை விட்ட கணத்தில் அது இரண்டாகப் பிளந்தது. நல்ல காலம், கையில் ஏறவில்லை. பிறகு யாரோ மூங்கில் நல்லது என்று சொல்ல, அதையும் பன்னிரண்டு வாங்கிக் கணுக் கணுவாகச் சீவி அளந்து பார்த்தாள். பன்னிரண்டில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது ஐந்துதான். மற்ற ஏழும் பாலேஸ்வரி அன்ரியின் தக்காளிச் செடிகளுக்குப் போயின.

கடைசியில் அலுமினியத்துக்கு வந்தாள். அலுமினியம் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும், ஆனால் வளையும். பலகையின் மரச் சட்டத்தில் ஒருமுறை பட்டால் போதும். வளைந்ததைக் கண்ணாடி மேசையில் உருட்டி, எந்த இடத்தில் துள்ளுகிறது என்று பார்த்து, பெருவிரலால் அமத்தி அமத்தி நிமிர்த்துவாள். நிமிர்த்தினாலும் அது பழைய அம்பு இல்லை. அவளிடம் இருந்த ஆறில் இரண்டு அப்படி நிமிர்த்தியவை. போட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு அம்பு வேண்டும். நாலு நல்லதும் இரண்டு நொண்டியுமாக அவள் இரண்டு வருடம் சமாளித்தாள்.

அந்த இரண்டு வருடமும் தெரிவுப் போட்டியில் அவள் ஐந்தாவது. அணியில் நாலு பெண்களுக்குத்தான் இடம். ஐந்தாவதாக வருகிறவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இந்த வருடம் நேபாளத்தில் ஒரு போட்டி. முதல் மூன்று பேர் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அவர்களை நாங்கள் நெருங்கவே முடியாது. நாலாவது இடம் அவளுக்கா எனக்கா என்பதுதான் கேள்வி. கழகத்தில் எல்லோருக்கும் அது தெரியும், எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்றால், அலுவலகத்தில் ஒரு நாள்கூட லீவு எடுக்காத மனுஷி நேபாளப் போட்டியின் பத்து நாளுக்கும் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்கும் வேண்டியிருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவள் மூன்று மாதம் இருந்து யோசித்து, காபன் தண்டுதான் என்று முடிவெடுத்தாள். காபன் வளையாது. ஒன்றில் நேரே இருக்கும், இல்லாவிட்டால் உடைந்திருக்கும். எய்வதற்கு முன் காதருகே பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும், கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் அதோடு அதன் கதை முடிந்தது. அப்படிப்பட்ட சாமானைத்தான் சிவானிக்குப் பிடிக்கும். தன்னுடைய வில்லின் பலம், கையின் நீளம், அம்புத் தலையின் நிறை எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்த்தாள். வந்த எண் எழுநூறு. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் வினோதன் ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணத்துக்கு வர இருந்தார். அவருக்கு எழுதினாள்: எழுநூறு, இருபத்தொன்பது அங்குலம், பன்னிரண்டு. எழுதியதை எனக்கும் காட்டினாள்.

இங்கேதான் அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் கேட்கிறவர் குறைத்துத்தான் கேட்க வேண்டும், கொடுக்கிறவர் அதை விளங்கிக்கொண்டு கூட்டித்தான் கொடுக்க வேண்டும். பிட்டுச் சாப்பிடும்போது காணும், போதும் என்று முதல்முறை சொன்னால் அதற்குப் பொருளில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை கையால் சாப்பாட்டுக் கோப்பையை மூடினால் அன்ரி அந்தக் கையைத் தள்ளிவிட்டு அரை நீத்துப்பெட்டிப் பிட்டைக் கொட்டுவார். எங்கள் வீட்டில் காணும் என்றால் காணும், மிச்சத்தை அடுத்தவன் எடுத்துவிடுவான். சிவானி அளவு ஆறு சப்பாத்துக் கேட்டால் கனடாவிலிருந்து ஏழு வரும். பட்டயப் படிப்புப் போதும் என்று அவள் சொல்ல, அவளுக்குக் கூச்சம் என்று நினைத்துப் பட்டப் படிப்புக்குப் பணம் கட்டிவிட்டார்கள். அதில் இரண்டு வருடம் இருந்துவிட்டு விலகினாள். அவளுக்கு ஒருவரும் ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் கேட்டதை மட்டும் ஒருவரும் கொடுத்ததில்லை.

வினோதன் தெரிவுப் போட்டிக்குப் பத்து நாள் முந்தி வந்து இறங்கினார். நல்ல மனுஷன். சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார். அம்புகளை ஒரு நீளக் குழாயில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். விமான நிலையத்தில் சுங்கக்காரர் இது என்ன என்று கேட்டதற்கு, என்னுடைய தங்கச்சி நாட்டுக்காக விளையாடுகிறாள் என்று இவர் அறிவித்தாராம். அவர்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்களாம். குழாயைத் திறந்தால் எல்லாம் நானூறு. கடையில் எழுநூறும் இருந்ததாம். நானூறு அதைவிடப் பலமானது, விலையும் கூட, பெரிய ஆட்கள் பாவிப்பது என்று கடைக்காரர் சொன்னாராம். தங்கச்சி தன்னுடைய செலவை நினைத்துத்தான் மெலிந்ததைக் கேட்டிருக்கிறாள் என்று இவருக்கு உடனே விளங்கிவிட்டதாம். சிவானி குழாயை மூடி, தாங்ஸ் அண்ணா என்றாள்.

சனிக்கிழமை பயிற்சிக்கு இரண்டு வகை அம்பையும் கொண்டுவந்தாள். பழைய அலுமினியம் நடுவைச் சுற்றித் தைத்தது, அந்த இரண்டு நொண்டி அம்பும் மட்டும் கொஞ்சம் விலகின. காபன் இடப்பக்கம் போனது. வில்லில் பூட்டியிருக்கும் குறிகாட்டியைத் திருப்பி அதைச் சரிக்கட்டப் பார்த்தாள். முடியவில்லை. தண்டு அவளுடைய வில்லுக்கு வளைந்து கொடுக்காததால், போகிற போக்கில் வில்லின் உடம்பில் தட்டிவிட்டுப் போனது. தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. ஒரு அம்பு இடமாகப் போக, அடுத்தது அதற்கும் இடமாகப் போனது. எதற்கென்று குறிகாட்டியைத் திருப்புவது?

தான் அலுமினியத்தோடுதான் போகப் போவதாக அவள் சொன்னாள். ஆனால் வீட்டில் அது பெரிய பாடாக இருக்கும். அண்ணன் கல்யாணத்துக்கு வந்தவர், போட்டியையும் பார்க்க வருகிறார். அவர் கண் முன்னே பழைய அம்பை எடுத்தால் அன்ரிக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

“அம்மா என்ர கதையை எடுக்கமாட்டா,” என்றாள். “நான் செலவுக்குக் கூச்சப்படுறன் எண்டுதான் நினைப்பா. உன்னட்டக் கேப்பா. நீ இது சரிவராது எண்டு சொன்னால் விட்டிடுவா.”

அதற்கென்ன, சொல்கிறேன் என்றேன். சொல்லும்போது மெய்யாகவே சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் மருந்துக்கடைக்கு அன்ரி ஃபோன் எடுத்தார். முன்னால் இருமல் மருந்துக்கு நாலு பேர் நிற்கிறார்கள். சுகம் விசாரித்தார், என் அம்மாவின் முழங்காலை விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பிள்ளை, உன்னை நம்பித்தான் கேக்கிறன். வினோ கொண்டுவந்தது நல்ல சாமானோ, இல்லையோ?”

இரண்டு விஷயம் எனக்கு ஒன்றாக வந்தது. ஒன்று, சனிக்கிழமை கேட்ட அந்தத் தட்டுகிற சத்தம். மற்றது, நேபாளம்.

“நல்ல சாமான் அன்ரி,” என்றேன். “இங்க யார்கிட்டயும் இப்படி இல்ல.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உண்மையிலேயே நல்ல சாமான். உண்மையிலேயே கழகத்தில் யாரிடமும் இல்லை. அன்ரி என்னை ஆசீர்வதித்து ஃபோனை வைத்தார். நான் இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், நன்றாகவே இறங்கியது.

அடுத்த நாள் சிவானி, அண்ணாவின் அம்பால்தான் எய்யப் போகிறேன் என்று செய்தி அனுப்பினாள். வேறொன்றும் எழுதவில்லை. நான் சரி என்று பதில் போட்டேன்.

போட்டி நாள் காற்றில்லை. வெயில் மட்டும் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. எழுபத்திரண்டு அம்பு, ஆறு ஆறாகப் பன்னிரண்டு சுற்று. ஆறு சுற்று முடிந்ததும் இடைவேளை. வினோதன் கனடாத் தொப்பி போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் கயிற்றுக்கு அப்பால் நின்றார். அன்ரி வரவில்லை, கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்திருந்தார். சிவானி என்னிலிருந்து மூன்று பேர் தள்ளி நின்றாள். முதல் சுற்றிலேயே சத்தம் கேட்டது. அவள் ஒவ்வொரு அம்புக்கும் அதே நிதானத்தோடு நாணை இழுத்தாள், அதே இடத்தில் தாடையில் வைத்தாள், விட்டாள். அம்புகள் இடப்பக்கம் சிதறின. பின்னாலிருந்து அண்ணன், பரவாயில்லை, அடுத்தது அடுத்தது என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். பாதிப் போட்டியில் அவளுக்கு இருநூற்று ஐம்பத்தொன்று. எனக்கு இருநூற்று எண்பத்து மூன்று.

இடைவேளையில் எல்லோரும் நிழலுக்குப் போனோம். அவள் போகவில்லை. பையின் அடியிலிருந்து அந்த ஆறு அலுமினிய அம்பையும் எடுத்தாள். நடுவரிடம் போய்ச் சிங்களத்தில் சொல்லி, அம்பு மாற்ற அனுமதி கேட்டாள். பிறகு நேரே கயிற்றடிக்கு, அண்ணன் நின்ற இடத்துக்குப் போனாள். நானும் தண்ணீர்ப் போத்தலோடு அந்தப் பக்கம்தான் நின்றேன்.

“அண்ணா, நான் எழுநூறு எண்டு எழுதினது எனக்கு எழுநூறு வேணும் எண்டபடியால்தான்,” என்றாள்.

சத்தம் போடவில்லை. காணி உறுதி வாசிக்கிற குரல். காபன் அம்புகளைக் குழாயில் போட்டு, குழாயை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டுக்குத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எய்ததை நான் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தேன். காதை மூட முடியாதே. டக், டக், டக் என்று ஒரே மாதிரி, பலகையின் நடுவில் தைக்கிற சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு அம்பு நடு மஞ்சளில். அந்த நொண்டி இரண்டும் அதற்கு வெளியே சிவப்பில் நின்றன. முப்பத்திரண்டு புள்ளி முன்னால் நின்றவள் நான். அது இருபத்தொன்றானது, பதினான்கானது. கடைசிச் சுற்றுக்கு வரும்போது ஐந்து. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் நின்றேன். கடைசி ஆறில் அவள் என்னைவிட இரண்டு கூட எடுத்தாள். இரண்டுதான்.

அவளுக்கு ஐந்நூற்று ஐம்பத்தைந்து, எனக்கு ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தால் அவள் எய்தது முந்நூற்று நாலு. அன்றைக்கு மைதானத்தில் நின்ற பெண்களில் இரண்டு பேர்தான் அதைவிடக் கூட எடுத்திருந்தார்கள்.

புள்ளித் தாளில் கையெழுத்து வைக்கும்போது வினோதன் குழாயோடு வந்தார். கனடாவில் அவர் கணக்காளர், கணக்கு அவருக்கு அந்த நேரத்துக்குள் விளங்கியிருந்தது. முகம் வாடியிருந்தது.

“நீ இதை முதலே சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“எழுதினனான், அண்ணா.”

தன்மேல் முழுப் பழியும் விழாமல் ஒரு பங்கையாவது இறக்கி வைக்க நினைத்தாரோ என்னவோ, என்னைக் காட்டிச் சொன்னார்.

“ரொஷேலும் நல்ல சாமான் எண்டு சொன்னவவாம். அம்மா அண்டைக்கே சொன்னவ. அதைக் கேட்டுத்தானே நீயும் ஓம் எண்டனி.”

அப்படியென்றால் திங்கட்கிழமையிலிருந்தே அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை எனக்குச் செய்தி அனுப்பும்போது தெரியும். இன்று காலையில் தன்னுடைய சன்ஸ்கிரீமை எனக்கும் பூசக் கொடுத்தாளே, அப்போதும் தெரியும். நான் ஏதாவது சொல்ல வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பியிருப்பேன். விரலில் மாட்டியிருந்த தோல் உறையைக் கழற்றாமலே கையை நீட்டினாள். வாழ்த்துகள் என்றாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

வினோதன் அடுத்த கிழமை கனடாவுக்குத் திரும்பினார், குழாயையும் கொண்டு போனார். சிவானி லீவை ரத்துச் செய்துவிட்டு வழக்கம்போல் புதுக்கடைக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு வருகிறாள். அன்ரி இப்போதும் எனக்குப் பிட்டுக் கட்டி அனுப்புகிறார்.

எனக்கு ஒரு சிக்கல் வந்தது. நேபாளத்தில் எழுபது மீற்றர், தெரிவுப் போட்டியில் நாங்கள் எய்த தூரத்தைவிடக் கூட. என்னுடைய அலுமினிய அம்பு நிறை கூட, அந்தத் தூரத்துக்குப் போகும்போது தாழ்ந்துவிடுகிறது. காபன் எடுக்கத்தான் வேண்டும் என்றார் எங்கள் கழகப் பயிற்றுநர். எந்த எண் என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. கழகத்தில் அதைச் சரியாகச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான். இரண்டு சனிக்கிழமை யோசித்துவிட்டு மூன்றாவது சனிக்கிழமை போய்க் கேட்டேன்.

அவள் தன்னுடைய பயிற்சியைப் பாதியில் நிறுத்தினாள். என்னை நாணை முழுதாக இழுக்கச் சொல்லி நீளத்தைக் குறித்தாள். நான் சோர்ந்து இழுக்கிறேன் என்று ஏசி, மூன்று முறை இழுக்கச் செய்தாள். தராசைக் கொளுவி என் வில்லின் பலத்தை அளந்தாள். அம்புத் தலை என்ன நிறை போடப் போகிறேன் என்று கேட்டாள். அரை மணித்தியாலம் ஆனது. பிறகு ஒரு கடதாசியில் எண்ணையும் நீளத்தையும் எழுதினாள்.

“உனக்கு அறுநூறு,” என்றாள். “கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

வெட்கம் கெட்ட நான், அவள் அந்தப் பக்கம் போனதும், கடதாசியைப் பயிற்றுநரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டுக்கு வந்து, இந்தியாவில் அம்பு விற்கும் ஒருவருக்கும் படமெடுத்து அனுப்பி, இது சரியா என்று கேட்டேன். இரண்டு பேரும் அறுநூறுதான் என்றார்கள்.